மாட்டுக்குப் போட்ட மருந்து ஏரிக்குப் போகும் வழி



மாட்டுக்கு ஊசி போட்டு, டாக்டர் வண்டியை எடுத்ததும் விஷயம் முடிஞ்சுதுன்னு நாம நினைக்கிறோம். மாட்டைப் பொறுத்தவரை அது சரி. மருந்துக்கு அங்கேதான் பயணமே ஆரம்பம். கொடுத்ததில் ஒரு பகுதி உடம்பில் கரைகிறது. மிச்சம் சாணியிலும் கோமியத்திலும் வெளியே வருகிறது. தோலில் அடித்தது அடுத்த முறை மாடு கழுவும்போது இறங்குகிறது. அப்புறம் அது எங்கே போகும்? பள்ளம் எங்கே இருக்கோ அங்கே. நம்ம ஊரில் பள்ளம்னா வாய்க்கால், குட்டை, ஏரி.

நான் பாகூர் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவன். வீட்டில் மாடு உண்டு. சாணி, கோமியம் இல்லாமல் எனக்கு விவசாயம் கிடையாது. உங்களில் பலருக்கும் அப்படித்தான். அதனாலதான் இதை எழுதுகிறேன். ரசாயன உரம் வேண்டாம், பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று வயலில் உறுதியாக நிற்கிற நாம், கொட்டகை வழியாக வருகிற ரசாயனத்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் எடுக்கிற அதே சாணியில்தான் அது இருக்கிறது.

நம்ம தண்ணீர் எங்கிருந்து வருது?

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. பெரியது வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் ஊசுடு ஏரி. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரியில் ஒரு பகுதி நமக்கு, ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கு. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால்தான் அதற்கு உயிர்.

இந்த வாய்க்கால்கள் மூடிய குழாய் இல்லை. ஊர் ஊராகத் தாண்டி வருகின்றன. கரையோரம் கொட்டகை, எருக்குழி, கோழிப்பண்ணை, மாடு இறங்கும் துறை எல்லாம் உண்டு. மழை வந்தால் அத்தனையையும் கழுவிக்கொண்டு போய் ஏரியில் சேர்ப்பது இந்த வாய்க்கால்தான். ஏரி நீர் வயலுக்குப் பாய்கிறது, மிச்சம் நிலத்தடிக்கு இறங்குகிறது, அதுவே நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வருகிறது. ஏரிக்குப் போவது கடைசியில் நம்மிடமே வந்து சேரும்.

சாணி நல்லதுதான், ஆனால் எங்கே விழுது?

முதலில் மருந்தே இல்லாத சுத்தமான சாணியைப் பார்ப்போம். மீன்குட்டைக்கு அளவாகச் சாணி போடுவது பழைய பழக்கம். சாணியில் நுண்ணுயிர் வளரும், அதைத் தின்று நீர்த்தெள்ளு போன்ற சிறு உயிர்கள் பெருகும், அதைத் தின்று மீன் வளரும். இதில் தப்பே இல்லை. அளவு மீறும்போதுதான் சிக்கல்.

சாணியை மட்க வைக்கிற நுண்ணுயிருக்கு மூச்சு விட உயிர்வளி வேண்டும். அதைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியிலிருந்துதான் எடுக்கும். ஒரு கிலோ பச்சைச் சாணி தண்ணீரில் மட்க, தோராயமாக 15 கிராம் உயிர்வளி செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளியே ஏழரை மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டால், ஒரு கிலோ சாணி 2,000 லிட்டர் தண்ணீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் திரும்பக் கிடைக்கும் என்பதால்தான் ஏரி தாங்குகிறது. தினமும் பத்துக் கிலோ சாணி போடுகிற மாடு பத்து இருந்து, கொட்டகை கழுவும் தண்ணீர் நேராக ஒரு குட்டைக்குப் போனால் அந்தக் குட்டை தாங்காது.

அடுத்தது சாணியிலும் கோழி எருவிலும் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும். வயலுக்கு உரமாவது ஏரிக்குப் பாசியாகிறது. தண்ணீர் பச்சைப் பசேல் என்று மாறும், ஆகாயத்தாமரை மூடும். பகலில் பாசி உயிர்வளி விடும். ராத்திரியில் அதே பாசி உயிர்வளியை இழுக்கும். அதனால்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "மீன் விளையாடுது" என்பார்கள். விளையாட்டு இல்லை, மூச்சுத் திணறல். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த விரால், குறவை தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை, அது முதலில் சாகும்.

கோமியமும் கோழி எச்சமும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். பாசி நிறைந்த தண்ணீர் மத்தியானத்தில் காரத்தன்மை ஏறி நிற்கும். அந்த நேரத்தில் அம்மோனியாவின் விஷம் கூடும், மீனின் செவுள் வெந்துபோகும். நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் அதில் சில வகை விஷத்தையே விடும். அந்தத் தண்ணீரைக் குடித்து மாடு செத்த சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியுள்ளன. நம் மாட்டின் கழிவு நம் மாட்டுக்கே திரும்புகிறது.

இதெல்லாம் சாணியால் மட்டும் வருவது. இனி மருந்து.

உண்ணி மருந்து

ஏரித் தண்ணீருக்கு நேரடியாக, உடனே ஆபத்து செய்வது உண்ணிக்கு அடிக்கிற மருந்துதான். கடையில் அதிகம் கிடைப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை. பாலூட்டிகளுக்கு இதன் நஞ்சு குறைவு, அதனால்தான் மாட்டின் மேல் அடிக்க முடிகிறது. மீனுக்கும் இறாலுக்கும் தண்ணீர்ப் பூச்சிகளுக்கும் இது கடும் விஷம். உலக சுகாதார நிறுவனம் டெல்டாமெத்ரின் பற்றி 1990-ல் வெளியிட்ட தொகுப்பில், மீன்களில் பாதி சாகும் அளவு ஒரு லிட்டருக்கு 0.4 முதல் 2 மைக்ரோகிராம் என்று உள்ளது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மில்லிக்கு 12.5 மில்லிகிராம் மருந்துள்ள பாட்டில், லிட்டருக்கு 2 மில்லி கலவை, மாட்டுக்கு இரண்டரை லிட்டர் என்று பத்து மாட்டுக்கு அடிக்கிறோம். மொத்தம் 50 மில்லி, அதாவது 625 மில்லிகிராம் மருந்து. அன்றைக்கே மாடுகளைக் குட்டையில் இறக்கிப் பாதி மருந்து கழன்றால் 312 மில்லிகிராம். குட்டை 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் 4 லட்சம் லிட்டர். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 மைக்ரோகிராம் வருகிறது. மேலே சொன்ன அளவுக்குள் நாம் வந்துவிட்டோம்.

இந்த மருந்து சீக்கிரம் வண்டலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீரில் இருக்கும் அளவு கொஞ்ச நேரத்தில் குறையும். சேதம் நடப்பது அந்த முதல் சில மணி நேரத்தில். அப்புறம் வண்டலில் வாழும் புழு பூச்சிகளுக்குச் சேதம் தொடரும். மீன் தப்பித்தாலும் தும்பியின் நீர்ப்பருவக் குஞ்சு, நீர்த்தெள்ளு, சின்ன இறால் தப்பிப்பது கடினம். கொசுப் புழுவைத் தின்கிறது யார்? தும்பிக் குஞ்சும் சின்ன மீனும். அவை போனால் கொசுவை யார் தடுப்பது?

மருந்து கலக்கிய பக்கெட்டையும் தெளிப்பானையும் வாய்க்காலில் அலசுவது இன்னும் மோசம். மாட்டின் உடம்பில் ஒட்டாத முழு வீரியம் அதில் இருக்கும்.

குடற்புழு மருந்து

ஐவர்மெக்டின் பெரிய கண்டுபிடிப்பு. மனிதர்களில் ஆற்றுக்குருடு என்னும் நோயை விரட்ட உதவியதற்காக, அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பெல், சடோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1980-களின் தொடக்கத்தில் முதலில் கால்நடை மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. வயிற்றுப் புழு, உண்ணி, சொறி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்பதால் பலருக்கும் பிடித்துப்போனது.

மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டினில் பெரும்பகுதி சாணி வழியாகத்தான் வெளியேறுகிறது. ஊசி போட்ட முதல் வாரத்தில் அதிகம், பிறகு சில வாரங்களுக்குக் குறைந்துகொண்டே வரும். அந்தச் சாணியில் முட்டையிடும் சாணி வண்டின் புழுக்கள் வளராமல் செத்துப்போவதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. வண்டு வராத சாணி மண்ணுக்குள் போகாது. மேலேயே வறட்டி மாதிரி காய்ந்து கிடக்கும், மழை வந்ததும் கரைந்து ஓடும்.

தண்ணீரில் நீர்த்தெள்ளுதான் அளவுகோல். கடுகை விடச் சின்ன உயிர், பாசியைத் தின்று மீன்குஞ்சுக்கு உணவாவது. ஆய்வகத்தில் நீர்த்தெள்ளில் பாதியை இரண்டே நாளில் முடக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐவர்மெக்டின் வெறும் 5.7 நானோகிராம் போதுமாக இருந்தது. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 300 கிலோ மாட்டுக்குப் போடும் ஊசியில் 60 மில்லிகிராம் மருந்து இருக்கும். அது முழுக்கத் தண்ணீரில் கரைந்தால் ஒரு கோடி லிட்டருக்கும் மேல் அந்த அளவுக்குக் கெட்டுப்போகும். இரண்டரை ஏக்கர் குட்டையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் அது.

உண்மையில் முழுக்கக் கரையாது. சாணியிலும் மண்ணிலும் இறுக ஒட்டிக்கொள்ளும், வெயில் பட்டால் சிதையும். அதனால் தரையில் விழுந்து காய்ந்த சாணியின் ஆபத்து குறைவு. மாடு தண்ணீரில் நிற்கும்போதே போடுகிற சாணிதான் கவலை. வெயில் படாத சேற்றில் புதைந்து அந்த மருந்து நெடுநாள் இருக்கும்.

எல்லாக் குடற்புழு மருந்தும் ஒன்று இல்லை. ஃபென்பெண்டசோல், ஆல்பெண்டசோல் போன்றவை சாணி வண்டுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. நீர்த்தெள்ளுக்கு அவையும் விஷம்தான், ஆனால் ஐவர்மெக்டினோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "ஐயா, இதுக்கு வேற மருந்து போதுமா?" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ஆன்டிபயாடிக்

மடிநோய், காய்ச்சல், கழிச்சல் என்று போடுகிற ஆன்டிபயாடிக் மருந்திலும் கணிசமான பகுதி வேலை செய்யும் நிலையிலேயே வெளியே வருகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரியின் உணவுச் சங்கிலியில் அடித்தட்டில் இருக்கும் நுண்ணுயிர்களையும் நீலப்பச்சைப் பாசியையும் இது பாதிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து பட்டுப் பட்டு, தப்பிப் பிழைத்த கிருமி அந்தக் குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். ஏரியில் இது நடந்தால் மீனுக்கு, மாட்டுக்கு, மனிதருக்கு என்று எல்லாப் பக்கமும் பரவ வழி இருக்கிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது இதற்காகத்தான்.

நமக்கு இதில் தனிப் பாடம் உண்டு. ஜீவாமிர்தம் என்பது சாணியில் இருக்கும் நுண்ணுயிரை வெல்லமும் பயறு மாவும் கொடுத்துப் பெருக்குவது. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணியில் நல்லது குறைந்து, மருந்துக்கு அடங்காதது மிஞ்சியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு எதைப் பெருக்கப் போகிறோம்? சிகிச்சையில் இருக்கும் மாட்டின் சாணியை ஜீவாமிர்தத்துக்கு எடுக்காதீர்கள்.

பாறுகள் சொன்ன பாடம்

"ஒரு மாட்டு ஊசியால ஊர்ல என்ன ஆயிடப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் மளமளவென்று மறைந்தன. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. காரணம் தெரிந்தது 2004-ல். மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக். மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அதை 3 மில்லி குப்பியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடையாயின.

பாறு பெரிய பறவை. வானத்தில் காணோம் என்றதும் ஆள்கள் தேடினார்கள். நீர்த்தெள்ளும் தும்பிக் குஞ்சும் காணாமல் போனால் யார் தேடுவார்கள்? ஏரித் தண்ணீரில் கால் வைக்கிற நாம்தான் தேட வேண்டும்.

காலம் ரொம்ப முக்கியம்

நம் பகுதியில் மழைக்காலத்துக்கு முன்பு குடற்புழு நீக்கம் செய்வது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் நாளைத் தள்ளிப்போட்டு, புரட்டாசிக் கடைசியில் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? மருந்து அதிகமாக உள்ள சாணி தரையில் கிடக்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். முதல் பெருமழை அத்தனையையும் வாய்க்காலுக்கு இழுத்துப் போகும். ஏரி நிரம்பி, மீன் முட்டையிட்டு, தவளை கத்தி, பறவை வந்து இறங்குகிற அதே நேரம்.

ஆவணிக்குள் மருந்து கொடுத்துவிட்டால், பெருமழைக்கு முன்பு ஒரு மாத வெயில் கிடைக்கும். மாட்டுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. காசு செலவில்லாத மாற்றம் இது.

என்ன செய்யலாம்?

ஒன்று. மருந்து கொடுக்கும் முன் சாணியைப் பரிசோதியுங்கள். ஒரு சின்ன டப்பாவில் புதுச் சாணி எடுத்துக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். புழு இல்லாத மாட்டுக்கு மருந்து எதற்கு?

இரண்டு. கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். எந்த மாட்டுக்கு, என்ன மருந்து, எந்தத் தேதி என்று எழுதுங்கள். பாலை எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அங்ககச் சான்று விதிகளில் இந்த விலக்கு நாள் இருமடங்கு.

மூன்று. மருந்து கொடுத்த மாட்டைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஐவர்மெக்டின் போட்டால் நான்கு வாரம், உண்ணி மருந்து அடித்தால் குறைந்தது ஒரு வாரம் என்று நான் வைத்திருக்கிறேன். மாடு குளிக்க வேண்டுமென்றால் மேட்டு நிலத்தில், மரத்தடியில் கழுவுங்கள். தண்ணீர் மண்ணில் இறங்கட்டும்.

நான்கு. மருந்து நாட்களின் சாணியைத் தனிக் குவியலாகப் போடுங்கள். மேடான இடத்தில், சுற்றி ஒரு வரப்பு போட்டு, வைக்கோல் சருகு கலந்து குவித்தால் உள்ளே சூடு 55, 60 டிகிரிக்கு ஏறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, மூன்று மாதம் மட்க விடுங்கள். டெட்ராசைக்ளின் வகை பெருமளவு சிதைந்துவிடும், மற்றவையும் குறையும். எல்லாமே பூஜ்ஜியம் ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். அதனால் அந்த எருவை ஏரியோர வயலுக்குப் போடாமல் மேட்டு நிலத்துக்கும் மரங்களுக்கும் போடுங்கள். மழைக்கு முன் கீற்று போட்டு மூடுங்கள்.

ஐந்து. கொட்டகை கழுவிய தண்ணீரை வாய்க்காலுக்கு விடாதீர்கள். ஒரு தொட்டியில் தெளியவிட்டு, தீவனப்புல், வாழை, கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். வாய்க்கால் கரையில் நாலைந்து அடி அகலத்துக்கு வெட்டிவேர், கோரை இருந்தால் ஓடி வரும் வண்டல் அங்கேயே நிற்கும். மருந்தில் பலதும் வண்டலோடுதான் பயணம் செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறு. வெளியிலிருந்து எரு வாங்கும்போது கேளுங்கள். "அண்ணே, எப்ப மருந்து கொடுத்தீங்க, என்ன மருந்து?" இந்த ஒரு கேள்வி போதும். கறிக்கோழிப் பண்ணை எருவில் தீவன மருந்துகளின் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம், பச்சையாக வயலில் கொட்டாதீர்கள்.

ஏழு. காலிப் பாட்டில், ஊசி, மிச்ச மருந்து எதையும் வாய்க்காலில் வீசாதீர்கள். சேர்த்து வைத்து, அடுத்த முறை வரும் மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ கொடுங்கள்.

மூலிகை வழி

மருந்தே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. துடிக்கிற மாட்டுக்கு உரிய சிகிச்சையை மறுப்பது இயற்கை விவசாயம் ஆகாது. ஆரம்பத்திலேயே கவனித்தால் ஊசியைக் குறைக்கலாம். தஞ்சாவூரில் மரபுசார் மூலிகைக் கால்நடை மருத்துவத்தை வளர்த்த பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் முறைகளை இன்று தேசியப் பால்வள வாரியமே நாடு முழுவதும் பரப்புகிறது.

மடிநோய்க்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவப்பாக வரும். மடியைக் கழுவிப் பாலைக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுதும் பூசுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ, மடி கல் போல் இறுகினாலோ காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உண்ணிக்கு: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் மேல் துடைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை. கொட்டகைச் சுவர் விரிசலிலும் தெளியுங்கள், உண்ணி முட்டை வைப்பது அங்கேதான்.

மூலிகை என்பதால் தண்ணீருக்கு ஒன்றும் செய்யாது என்று எண்ண வேண்டாம். செடிச்சாறு கரைத்து மீன் பிடித்த பழக்கம் பல ஊர்களில் உண்டு. வேம்பும் வசம்பும் பூச்சியை விரட்டும் என்றால் தண்ணீர்ப் பூச்சியையும் விரட்டும். இதையும் குட்டையில் அலசக்கூடாது.

ஏரியைப் படிக்கப் பழகுவோம்

ஆய்வகம் இல்லாமலேயே நாம் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. விடியற்காலையில் மீன் மேலே வந்து திணறுகிறதா? மழைக்குப் பிறகு ஓரத் தண்ணீரில் தலைப்பிரட்டை தெரிகிறதா? கோரைத் தண்டில் தும்பி உரித்துப் போட்ட சட்டை ஒட்டியிருக்கிறதா? நத்தையும் மட்டியும் உயிரோடு இருக்கின்றனவா? மேய்ச்சல் தரையில் இரண்டு நாள் ஆன சாணியைக் குச்சியால் புரட்டுங்கள். வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா? ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இரண்டு வருஷத்தில் அந்த ஏரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. திடீரென்று மீன் செத்து மிதந்தால் தேதி, நேரம், முந்தின நாள் மழையா, எந்த வாய்க்கால் பக்கம் என்று குறித்து, படம் எடுத்து, மீன்வளத் துறைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள். செத்த மீனைத் தின்னவோ மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம்.

ஒருத்தர் மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை. மேல்மடைக்காரர் மருந்து அடித்த மாட்டை இறக்கினால் கீழ்மடைக்காரரின் மீன்தான் சாகும். 1999-ல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றிய உதவியுடனான ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் நம் ஊர்களில் ஏரிச் சங்கங்கள் உருவாயின. அப்போது பேசியது கரை, மதகு, தூர் வாருவது. இனி கூட்டத்தில் இன்னும் மூன்று விஷயம் சேர்ப்போம்: ஏரிக்கு வெளியே மாடுகளுக்கு ஒரு பொதுத் தண்ணீர்த் தொட்டி, மருந்து அடித்த மாடுகளை ஏரியில் இறக்காத கட்டுப்பாடு, குடற்புழு நீக்க முகாமை ஆவணிக்குள் நடத்தச் சொல்லிக் கால்நடைத் துறைக்கு ஒரு மனு. மூன்றுக்கும் பெரிய பணம் வேண்டாம். பத்துப் பேர் கையெழுத்தும் ஒரு தொட்டிக்கான சிமெண்டும் போதும்.

ஆவணி வரப்போகிறது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் இந்த மாதமே பேசுங்கள். பேசி என்ன முடிவானது என்று இதழுக்கு எழுதுங்கள், மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.